சரிபார்க்கப்பட்ட நகல்

தரவுத்தள நிறுவனத்தின் மின்னஞ்சல் காலை பத்தேகாலுக்கு வந்திருந்தது. கோகிலவாணி அதை இரண்டு முறை படித்தாள்.

நூலகத்தின் ஒரு கணக்கிலிருந்து, பழைய செய்தித்தாள் தரவுத்தளத்தில், நேற்று ஒரே நாளில் முந்நூற்று நாற்பது பக்கங்கள் பதிவிறக்கப்பட்டிருந்தன. இது ஒப்பந்தத்துக்கு மாறானது. விளக்கம் வேண்டும். கீழே கணக்கின் பெயர் இருந்தது. அவளுடைய பெயர்.

நேற்று அவள் அந்தத் தளத்தைத் திறக்கவே இல்லை.

யார் திறந்தது என்று அவளுக்குத் தெரியும். ஒருவர் அல்ல. தாராவியில் அவள் குடியிருக்கும் சந்து முழுவதும்.

மாட்டுங்காவில் உள்ள அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் அவள் ஒன்பது வருடங்களாக மின்வளப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். புத்தகம் எதுவும் அவள் கைக்கு வருவதில்லை. இருபத்திரண்டு தரவுத்தளங்கள், ஆறு நாளிதழ்ச் சந்தாக்கள். எல்லாம் திரையில் இருப்பவை. மாணவர்களுக்குக் கணக்கும் கடவுச்சொல்லும் கொடுப்பாள். மாதக் கடைசியில் எது எத்தனை முறை திறக்கப்பட்டது என்று அறிக்கை எழுதுவாள். பழைய செய்தித்தாள் தளம் எப்போதும் கடைசியில் இருக்கும். போன வருடம் முழுவதும் ஆறு முறை. அதில் நான்கு, தளம் வேலை செய்கிறதா என்று அவளே பார்த்தது.

ஜனவரியில் சிவனாண்டி அவளைத் தேடி வந்தார். ஐந்து வீடு தள்ளிக் குடியிருப்பவர். அறுபத்தெட்டு வயது.

"ஏம்மா, நீ இருக்க லைப்ரரியில பழைய பேப்பர் எல்லாம் இருக்குமாமே. நம்ம சந்து எரிஞ்சது பேப்பர்ல வந்துச்சுல்லா. அன்னைக்கு ஒருத்தன் நோட்டும் கையுமா வந்து எல்லாரு பேரையும் எழுதுனான். அவனுக்கு டீ வாங்கிக் குடுத்தவன் நான்."

சந்தில் சர்வே நடந்துகொண்டிருந்தது. வீடுகளை அளந்து கதவில் எண் எழுதினார்கள். இரண்டாயிரத்துக்கு முன்னால் இங்கே இருந்ததற்குக் காகிதம் காட்டினால் புதுக் கட்டடத்தில் வீடு. காட்டாவிட்டால் எங்கே அனுப்புவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சிவனாண்டியின் காகிதங்கள் தொண்ணூற்றேழு டிசம்பரில், தீயில் போனவை. சந்தில் பாதிப் பேருக்கு அதே கதை.

அவள் தேடினாள். எப்போதோ நின்றுபோன ஓர் ஆங்கில மாலைப் பத்திரிகை. ஐந்தாம் பக்கம். வீடு எரிந்துபோன நாற்பத்தொரு குடும்பங்கள், குடும்பத் தலைவர்களின் பெயர்களோடு. சிவனாண்டி ஐந்தாவது.

அச்செடுத்துக் கொடுத்தாள். மறுநாள் அவர் திரும்பி வந்தார். சர்வே முகாமில் இருந்த குமாஸ்தா பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான்.

"சிக்கா எங்கன்னு கேக்கான். சிக்கா இல்லாத காகஜ் செல்லாதாம்."

கோகிலவாணி நூலக முத்திரையை எடுத்து அடித்தாள். 'தரவுத்தளத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.' கீழே கையெழுத்து, தேதி, வரிசை எண். ஒரு பதிவேட்டில் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிக்கொண்டாள். சிவனாண்டி தகுதியுள்ளவர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டார்.

அதன்பின் சந்து முழுவதும் வந்தது. நாற்பத்தொரு பெயர்களில் நாற்பது பேர் நகல் வாங்கினார்கள். ஒரு பெயருக்கு யாரும் வரவில்லை. ஊரோடு போய்விட்டவர்களாக இருக்கும் என்று நினைத்தாள்.

காலமான அவளுடைய அப்பா சுடலைக்கண்ணனின் பெயர் அதில் இல்லை. அண்ணன் மாரிக்கண்ணனிடம் கேட்டாள்.

"அன்னைக்கு அப்பாவுக்கு டூட்டி. பேரு குடுக்க ஆளில்ல" என்றான். "நமக்கெதுக்கு அது? தொண்ணூத்தெட்டு பிப்ரவரியிலயிருந்து கரண்ட் பில் இருக்கு."

இருந்தது. வீடு எண் பதினேழு, தகுதி உண்டு என்று முதல் பட்டியலிலேயே வந்துவிட்டது. ஏப்ரல் ஐந்து வரை யாரும் ஆட்சேபம் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் அது முடிவு.

நகல் கிடைத்தவர்களுக்கும் அது போதவில்லை. அப்பன் பெயர், மாமன் பெயர், எந்தப் பத்திரிகையில் எதற்காக வந்திருந்தாலும் வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து அத்தனையையும் தேட அவளால் முடியவில்லை. சந்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கணேசபாண்டியனிடம் தன் கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

அந்தச் சந்தில் ஆறு வீட்டுக்கு ஒரு குழாய். குழாய்ப் பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். யாருக்கு வேண்டுமோ எடுத்துத் திறந்து, பிடித்து, பூட்டி, திரும்ப மாட்டுவார்கள். இத்தனை வருடத்தில் சாவி ஒருமுறைகூடத் தொலைந்ததில்லை. அதை அவள் அன்றே யோசித்திருக்க வேண்டும்.

*

மாலையில் சங்க அறைக்குப் போனாள். வாசலிலேயே பலகை தெரிந்தது. தண்ணீர் வரும் நேரம். அதன் கீழே, சாக்பீஸில், அவளுடைய கணக்கு. அதன் கீழே கடவுச்சொல். தெருவில் நின்றே படிக்கலாம்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் மடிக்கணினியோடு ஹரிதா. கணேசபாண்டியனின் மகள், காலேஜ் இரண்டாம் வருடம். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆங்கிலம் வேகமாகப் படிப்பாள்.

"எங்கப்பன் பேரப் போட்டுப் பாத்தியாட்டி?" என்றார் ஒருவர்.

"பாத்தாச்சு பெரியப்பா. கணபதி பந்தல் வசூல்ல சண்டைன்னு வந்திருக்கு."

"அடிச்சவனா, அடி வாங்குனவனா?"

"அடி வாங்குனவரு."

"அதெப்படி? தப்பா போட்டிருக்கான்."

"எந்த சால்ல?" என்று சிவனாண்டி கேட்டார்.

"தொண்ணூத்தாறு."

"அப்போ அடி வாங்குனதுதாம்ல நல்லது. சிக்கா வாங்கி வச்சிக்கோ."

அறை சிரித்தது. கோகிலவாணி கணேசபாண்டியனைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இத போர்டுலயா எழுதிப் போடுவீங்க?"

"பின்ன? ஆளாளுக்குச் சீட்டு எழுதிக் குடுக்க முடியுமா தாயி."

"வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேன்லா."

"வேற யாருக்குக் குடுத்தேன்? எல்லாம் நம்ம ஆளுகதான்."

அவள் துப்பட்டாவின் நுனியால் பலகையைத் துடைத்தாள்.

"தொடச்சு என்னக்கா, எல்லாரும் போட்டோ புடிச்சாச்சு" என்றது ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு.

"நேத்து முந்நூத்தி நாப்பது பக்கம் எடுத்திருக்கீங்க" என்றாள் அவள். "அது என்ன பக்கம்?"

சிரிப்பு நின்றது. ஹரிதா மடிக்கணினியை மூடினாள். யார் வந்தாலும் முதலில் டீ சொல்லும் சிவனாண்டி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பழைய பேப்பர்தாம்மா" என்றார் கணேசபாண்டியன். "போயிச் சாப்பிடு."

அவள் வெளியே வந்தாள். சந்தின் முனை வரை அறைக்குள்ளிருந்து ஒரு பேச்சும் கேட்கவில்லை.

*

மறுநாள் காலை முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றினாள். பிறகு தன் கணக்கின் தேடல் வரலாற்றைத் திறந்தாள். அந்தத் தளம் எதையும் மறப்பதில்லை. யார் என்ன தேடினார்கள், எதைத் திறந்தார்கள், எதை யாருக்கு அனுப்பினார்கள், எல்லாம் நேரத்தோடு இருக்கும்.

முதல் மூன்று வாரங்கள் வெறும் பெயர்கள். அவளுக்குத் தெரிந்த பெயர்கள். எட்டு நாளுக்கு முன் ஒரு பெயர், தெரியாதது. ரஷீதா. அடுத்த வரியில் கோகிலவாணியின் அப்பா பெயர். மறுபடியும் அப்பாவின் பெயர். எண்ணிப் பார்த்தாள். பதினொரு தடவை. அதன்பின் டிசம்பர் தொண்ணூற்றேழிலிருந்து மார்ச் வரை, அந்தப் பத்திரிகையின் ஒவ்வொரு பக்கமும் இறக்கப்பட்டிருந்தது. வேறு எங்காவது வந்திருக்கிறதா என்று தேடியிருக்கிறார்கள்.

எது?

அவள் அப்பாவின் பெயரைத் தானே தட்டினாள். ஒரே ஒரு செய்தி. ஜனவரி பதினான்கு, தொண்ணூற்றெட்டு. ஏழாம் பக்கம், விளம்பரத்துக்குக் கீழே.

தாராவி தீ விபத்தில் வீடிழந்த ரஷீதா, வயது இருபத்தெட்டு, தன் அறையை வேறொருவர் எடுத்துக்கொண்டதாகப் போலீசில் புகார் செய்துள்ளார். கணவரை இழந்த இவர், தீக்காயமடைந்த நான்கு வயது மகனுடன் மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். திரும்பி வந்தபோது பதினேழாம் எண் அறையில் சுடலைக்கண்ணன் என்பவர் குடும்பத்துடன் இருந்தார். அறை ஆரம்பத்திலிருந்தே சுடலைக்கண்ணனுடையது எனச் சங்கத் தலைவர் பிரம்மநாயகம், சிவனாண்டி உள்ளிட்ட பதினொரு பேர் சாட்சி சொன்னதால் புகார் முடிக்கப்பட்டது.

பிரம்மநாயகம் கணேசபாண்டியனின் தந்தை. இறந்து ஆறு வருடங்கள் ஆகின்றன.

அவள் ஐந்தாம் பக்கத்தை எடுத்தாள். நாற்பது முறை முத்திரை அடித்த பக்கம். இருபத்து மூன்றாவது பெயர் ரஷீதா. யாரும் வராத பெயர்.

வரலாற்றின் கடைசிப் பகுதிக்கு வந்தாள். அனுப்பியவை. எட்டு நாளுக்கு முன், பிற்பகல் மூன்று மணி. இரண்டு செய்திகள், ஐந்தாம் பக்கமும் ஏழாம் பக்கமும், ஒரு முகவரிக்குப் போயிருந்தன. கோவண்டியில் ஒரு தையல் கடையின் பெயரில் இருந்த முகவரி. அனுப்பியவர் என்ற இடத்தில் கோகிலவாணி என்று இருந்தது.

*

ஹரிதாவை கிங்ஸ் சர்க்கிளில், பேருந்து நிறுத்தத்தில் பிடித்தாள். அவளைக் கண்டதும் அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"லிஸ்ட்ல உள்ளவங்க எல்லாரையும் கண்டுபுடின்னு அப்பாதான் சொன்னாருக்கா. நான் லிஸ்ட்ட வாட்ஸாப்ல போட்டேன். கோவண்டியிலயிருந்து ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. எங்கம்மா பேரு இருக்கு, வேற எதும் வந்திருக்கா பாருங்கன்னு. தேடுனேன். ரெண்டு வந்துச்சு. ரெண்டையும் அனுப்பிட்டேன். படிக்கல. அனுப்புனதுக்கு அப்புறம்தான் படிச்சேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"ரிப்போர்ட்டக் காமிச்சேன். அனுப்புனதச் சொல்லல. சொன்னா கொன்னுருவாருக்கா."

"சொல்லாத" என்றாள் கோகிலவாணி.

*

வீட்டின் கீழ்த்தளம் மாரிக்கண்ணனின் பட்டறை. நான்கு தையல் இயந்திரங்கள். பள்ளிப் பைகள் தைக்கிறான். அவன் மனைவி மாரீஸ்வரி தரையில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"ரஷீதான்னு ஒரு அம்மா" என்றாள் கோகிலவாணி.

மாரிக்கண்ணன் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?"

"எனக்கு அப்போ பதிமூணு வயசு. தெரியாம எப்படி இருக்கும்?" என்றான். "காலியா கெடந்த ரூம். மூணு வாரமா ஆளில்ல. அப்பா ரெண்டு தகரத்தப் போட்டு ஏறுனாரு."

"ஆஸ்பத்திரியில இருந்தாங்க அவங்க."

"அது அவருக்குத் தெரியுமா?"

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் பையைத் திருப்பி மறுபக்கம் தைத்தான். நூலை அறுத்தான்.

"தெரியும்" என்றான். "என்ன பண்ணச் சொல்லுத? நாம தார்ப்பாய்க்குள்ள கெடந்தோம். உனக்குக் காய்ச்சல். ஏழு வயசு. அப்பா பிரம்மநாயகம் அண்ணாச்சி கால்ல விழுந்தாரு. அவரு எல்லாரையும் கூட்டிச் சொல்ல வச்சாரு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"ஏப்ரல் அஞ்சு வரைக்கும் வாயத் தொறக்காம இரு. அதுக்கப்புறம் எவ வந்தாலும் ஒண்ணும் புடுங்க முடியாது. இது போச்சுன்னா நாங்க அஞ்சு பேரு, நீ, இந்த மிஷினு, எல்லாம் ரோட்டுல."

மாரீஸ்வரி நிமிரவில்லை. "ஒங்க அண்ணன் சொல்லுதது சரிதான் கோகிலா" என்றாள். "பிள்ளைகளப் பாரு."

"அந்தத் தளத்துக்குச் சந்தா முப்பத்தொண்ணாம் தேதி முடியுது" என்றாள் கோகிலவாணி. தான் ஏன் அதைச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "அப்புறம் யாரும் தொறக்க முடியாது. நானும் சரிபாக்க முடியாது. சிக்கா அடிக்க முடியாது."

மாரிக்கண்ணன் முதல் முறையாகத் தலையைத் தூக்கினான்.

"அப்போ விட்டிரு. முடியட்டும்."

அவள் கால் கழுவ மோரிக்குப் போனாள். வீட்டு மூலையில், தண்ணீர் புழங்குவதற்காகக் கட்டிய மூன்றடிச் சதுரம். தரையில் உடைந்த நீல ஓட்டுச் சில்லுகளைப் பூ மாதிரி பதித்திருந்தார்கள். ஓர் ஓரத்தில் சில்லுகள் வெடித்துக் கறுத்திருந்தன. இருபத்தேழு வருடங்களாக அதன்மேல் நின்று குளிக்கிறாள். அப்பா பதித்தது என்று நினைத்திருந்தாள். அப்பா ஒரு சில்லைக்கூட அழகுக்காகப் பதிக்கிற ஆள் அல்ல.

*

நூலகர் வானமாமலை மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஓய்வுபெற ஒரு வருடம். சந்தா அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவளை அழைத்தார்.

"இது நிஜமா கோகிலா? போன வருஷம் ஆறு. இந்த மாசம் மட்டும் ரெண்டாயிரத்து நூறா?"

"அதை நிறுத்திடலாம் சார்."

"எதை?"

"அந்தத் தளத்தை. எல்லாம் என் கணக்குலேர்ந்து வந்தது சார். பாஸ்வேர்டு வெளிய போயிருச்சு. எங்க ஏரியா ஆளுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் காத்திருந்தாள். திட்டினால் நல்லது. கமிட்டிக்கு எழுதினால் இன்னும் நல்லது. தளத்தை மூடிவிடுவார்கள்.

"பாஸ்வேர்டை மாத்தியாச்சோ?"

"மாத்திட்டேன்."

"பின்னே என்ன. கம்பெனிக்கு நான் ஒரு மன்னிப்பு லெட்டர் போட்டுடறேன். ஒத்தரும் படிக்கலையேன்னு வருஷா வருஷம் கமிட்டியிலே வாங்கிக் கட்டிக்கறேன். இப்பத்தான் ஜனங்க படிக்கறா. நீ நிறுத்தணுங்கறே."

"சார்..."

"மூணு வருஷத்துக்குப் போட்டுட்டேன்" என்று கையெழுத்திட்டார். "உன்னாலதான்."

*

இருபத்தாறாம் தேதி கணேசபாண்டியன் நூலகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். இதற்கு முன் வந்ததில்லை. வாசலில் காவலாளியிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். சுற்றிலும் மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கணினியின் மேல் கையை வைத்தார்.

"இந்தப் பெட்டிக்குள்ளயா இருக்கு?"

"இதுல இல்ல அண்ணாச்சி. எங்கயோ வேற நாட்டுல இருக்கு."

"சாவி ஒன்ட்ட இருக்கு."

"பாக்கத்தான். எடுக்கிறதுக்கு இல்ல."

"ஏழாம் பக்கத்த மட்டும் எடுத்திரு தாயி. மத்தது இருந்துட்டுப் போட்டும்."

"முடியாது அண்ணாச்சி."

"முடியாதா, மாட்டியா?"

"முடியாது."

அவர் நம்பவில்லை. அவருக்குத் தெரிந்த அலுவலகங்களில் முடியாதது என்று ஒன்று இருந்ததில்லை. செய்ய மனமில்லாதவர்கள்தான் இருந்தார்கள்.

"ஒங்கப்பாவுக்காக எங்கப்பா சொன்ன பொய் அது" என்றார். குரல் உயரவில்லை. "சாட்சி சொன்னவன்ல ஏழு பேரு இன்னும் சந்துல இருக்கான். ஏழு பேரு காகஜ்லயும் ஒன் சிக்கா இருக்கு. ஒருத்தன் பொய் சொன்னான்னு வந்தா நாப்பதையும் திருப்பிப் பாப்பான். ஒன் வீடு ஒண்ணோட போற லஃப்டா இல்ல இது."

"தெரியுது."

"வேற யாருக்கும் தெரியாதுல்லா?"

பக்கத்து மேசையில் யாரோ பக்கம் புரட்டினார்கள்.

"தெரியாது" என்றாள்.

அவர் எழுந்தார். மேசையில் இருந்த முத்திரையைக் கையில் எடுத்துப் பார்த்தார். கனம் பார்ப்பது போல ஒருமுறை அசைத்துவிட்டு அதே இடத்தில் வைத்தார்.

*

இரண்டு நாள் கழித்து, மதியம், ஒரு பெண் வந்தாள். கறுப்பு முக்காடு, கையில் பிளாஸ்டிக் உறை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். மேசைக்கு முன்னால் நின்று, உறையிலிருந்த காகிதத்தின் அடிப்பகுதியைப் பார்த்துப் படித்தாள்.

"கோகிலவாணிங்கிறது நீங்கதானாம்மா?"

"ஆமா."

"நான் ரஷீதா. நீங்க அனுப்புனது வந்துச்சு. எம் மகதான் படிச்சுச் சொன்னா." அவள் இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்தாள். "இத்தன வருஷத்துல நான் சொன்னத யாரும் நம்பல. எம் பிள்ளைகளே நம்பல. நீங்க தேடி எடுத்து அனுப்பியிருக்கீங்க. அல்லா உங்க வீட்ட நல்லா வைக்கணும்."

கோகிலவாணி நாற்காலியைக் காட்டினாள். அவள் உட்காரவில்லை.

"முகாமுக்குப் போனேன். இதுல சிக்கா இல்லங்கிறாங்க. லைப்ரரியில போய் வாங்கிட்டு வான்னாங்க. அஞ்சாந்தேதி கடைசியாமே."

"இந்த இடம் எப்படித் தெரிஞ்சுது?"

"சந்துக்குத்தான் மொதல்ல போனேன். சங்கத்து ரூம்ல ஒருத்தர் இருந்தாரு. காகிதத்தக் காட்டி, இந்தம்மா எங்க வேல பாக்குறாங்கன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் எழுந்து வந்து வழி சொல்லி, ஷேர் டாக்சியும் புடிச்சு விட்டாரு."

கோகிலவாணி சுவரைப் பார்த்தாள். சுவரில் கடிகாரம் இருந்தது. இரண்டு இருபது.

"வெள்ளைச் சட்டையா?"

"ஆமாம்மா. நல்ல மனுசன்."

எதற்காக அவர் இவளை இங்கே அனுப்பினார் என்று புரிந்தது. செய்ய வேண்டியது சின்ன விஷயம். தளம் திறக்கவில்லை என்று சொல்லலாம். நாளை வாருங்கள் என்று சொல்லலாம். எட்டு நாள் சொன்னால் போதும். கோவண்டியிலிருந்து எட்டு முறை வருவாள், வந்து திரும்பிப் போவாள். அதன்பின் வரமாட்டாள். ஒரு பொய்கூட வேண்டாம். இந்த நாட்டின் எல்லா மேசைகளிலும் தினமும் நடப்பதுதான்.

"பையன்?" என்று கேட்டாள்.

"சலாவுதீனா? பேர் அதுல போடலியே." ரஷீதா காகிதத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியிலயிருந்து கூட்டிட்டு வந்தேன். வீடு இல்ல. பிரிட்ஜுக்குக் கீழ பத்து நாள்தான் உசுரோட இருந்தான்."

அவள் காகிதத்தை மேசை மேல் வைத்து நீவினாள்.

"அந்த ரூம நீங்க பாத்திருக்கீங்களாம்மா?" என்றாள் ரஷீதா. "இப்போ மாடி கட்டியிருப்பாங்க. மோரியில நீலச் சில்லு பதிச்சிருந்தேன். வடாலாவுல ஒரு பில்டிங் வேலைக்குப் போனப்போ உடைஞ்சத மடியில கட்டிக் கொண்டாந்தது. பேத்துப் போட்டிருப்பாங்க."

"இருக்கு" என்றாள் கோகிலவாணி.

ரஷீதா அவளைப் பார்த்தாள். முதலில் புரியவில்லை. பிறகு மெல்ல, காகிதத்தின் அடியில் இருந்த பெயரையும், அவள் முகத்தையும் பார்த்தாள். மேசை மேலிருந்த கைகளை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க..."

"சுடலைக்கண்ணன் மக."

ரஷீதா காகிதத்தை உறைக்குள் வைக்கப் போனாள். கோகிலவாணி கையை நீட்டினாள்.

"குடுங்க."

தளத்தைத் திறந்தாள். ஐந்தாம் பக்கம். ஏழாம் பக்கம். திரையையும் தாளையும் வரி வரியாக ஒப்பிட்டாள். அப்படித்தான் செய்ய வேண்டும். மற்ற நாற்பதுக்கும் அப்படித்தான் செய்தாள். பதிவேட்டை எடுத்தாள். வரிசை எண் நாற்பத்தொன்று. பெயர், ரஷீதா. வீட்டு எண் என்ற கட்டத்தில் பதினேழு என்று எழுதினாள்.

முத்திரையை அடித்தாள். மை குறைந்திருந்தது. 'சரிபார்க்கப்பட்டது' என்பதில் பாதி விழவில்லை.

"எழுத்து தெரியுமா இதுல?" என்று ரஷீதா கேட்டாள்.

"இருங்க."

மை ஊற்றி இன்னொரு முறை அடித்தாள். இப்போது தெளிவாக விழுந்தது. கையெழுத்திட்டாள்.

நான்கு மணிக்கு, ரஷீதா முகாமுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் நேரத்தில், கைப்பேசி அதிர்ந்தது. மாரிக்கண்ணன். அவள் எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது முறைக்குப் பின் வரவில்லை. அது அதிர்ந்ததைவிட மோசமாக இருந்தது.

*

ஆறரைக்குச் சந்துக்குள் நுழைந்தாள். சங்க அறை பூட்டியிருந்தது. வீட்டு வாசல்களில் வழக்கம்போல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வர வர, பேச்சு ஒவ்வொரு வாசலாக நின்றது. தாண்டிய பிறகும் தொடங்கவில்லை. சிவனாண்டி தன் வாசலில் இருந்து எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். முதல் மாடிச் சன்னலில் ஹரிதாவின் முகம் தெரிந்தது. பின்னால் யாரோ இழுத்ததுபோல் மறைந்தது.

பதினேழாம் எண் வீட்டுக் கீழ்த்தளத்தில் இயந்திரங்கள் ஓடவில்லை. தையல்காரர்கள் யாரும் இல்லை. பாதி தைத்த பைகள் அப்படியே கிடந்தன. மாரிக்கண்ணன் இயந்திரத்தின் முன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்க்கவில்லை. மாரீஸ்வரி பிள்ளைகளை மாடிக்கு அனுப்பிவிட்டுப் படிக்கட்டில் நின்றாள்.

"எத்தன பேரு வந்தாங்க தெரியுமா?" என்றாள்.

கோகிலவாணி கால் கழுவ மோரிக்குப் போனாள். பக்கத்தில் இருந்த டிரம்மைத் திறந்தாள். காலி. காலையில் நிரப்பிவிட்டுப் போனது. யாரோ சாய்த்துவிட்டிருந்தார்கள். நீலச் சில்லுகள் இன்னும் ஈரமாக இருந்தன.

குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்நேரம் தண்ணீர் வராது. ஆனால் குழாயில் கொஞ்சம் தங்கி நிற்கும், எல்லோருக்கும் தெரியும். குழாய்ப் பெட்டி பூட்டியிருந்தது. சுவரைத் தடவினாள்.

ஆணி மட்டும் இருந்தது.